மதுவும் கஜானாவும்

2024-ம் வருஷம் ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரைச் சேர்ந்த கருணாபுரத்தில் அடுத்தடுத்த வீடுகளில் பிணம் கிடந்தது. விஷச் சாராயத்தைக் குடித்து அப்போது மாண்டவர்கள் 60 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள். அதற்கு முந்திய வருஷம் மே மாதத்தில்தான் மரக்காணத்தை அடுத்த மீனவர் குப்பத்திலும் செங்கற்பட்டு ஜில்லாவிலும் இதே விஷம் 20 பேருக்கு மேற்பட்டவர்களின் உயிரை வாங்கியிருந்தது. இரண்டு சமயங்களிலும் சர்க்கார் செய்தவை ஏறக்குறைய ஒன்றே. சாராயம் விற்றவர்கள் பிடிபட்டார்கள். போலீஸ் உத்தியோகஸ்தர்கள் சிலர் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார்கள். இறந்தோர் குடும்பத்துக்கு ஆளுக்குப் பத்து லக்ஷம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. 2024-ல் மதுவிலக்குச் சட்டத்தையும் திருத்தி, உயிர்ச்சேதம் விளைவிக்கும் கள்ளச்சாராயக் குற்றத்திற்கு ஆயுள் தண்டனை வரையில் விதிக்க வழி செய்தார்கள். இவற்றில் எதையும் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் பாடை எடுத்த பிறகு கதவைத் தாழிடுவது மட்டுமே ராஜ்ய நிர்வாகம் ஆகிவிடுமா என்று கேட்கிறோம்.

இத்தகைய விபத்து நேரும் போதெல்லாம் நாட்டில் இரண்டு கூக்குரல்கள் எழுகின்றன. ஒரு சாரார், மதுக்கடைகள் அனைத்தையும் நாளைக் காலையிலேயே மூடிவிட வேண்டும் என்கிறார்கள். மற்றொரு சாரார், கடையை மூடினால் ஜனங்கள் விஷத்தைக் குடித்துச் சாவார்கள். ஆகையால் கடைகள் இருந்தே தீரவேண்டும் என்கிறார்கள். இரு தரப்பாரும் குடிகாரனைப் பற்றியே பேசுகிறார்கள். குடியினால் வாழும் மற்றொரு பேர்வழியைப் பற்றி இரு தரப்பாரும் போதிய அளவு பேசுவதில்லை. அந்தப் பேர்வழி சர்க்காரின் கஜானாவே. மதுவினால் விளையும் தீங்கைக் குறைப்பதற்கு உலகத்தில் வழிகள் பல உண்டு. அவற்றில் எந்த வழியில் போவதாயினும் கஜானா தன் பழக்கத்தை விட்டாக வேண்டும். இதுவே நாம் இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புவது.

இந்தப் பழக்கம் நம் நாட்டில் எப்போது தொடங்கியது? வெள்ளைக்கார சர்க்கார் 1886-ம் வருஷத்தில் சென்னை அப்காரிச் சட்டத்தைச் செய்தார்கள். கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் ஏலத்தில் விடப்பட்டன, மரத்துக்கு வரி, கடைக்குக் குத்தகை. அதிகப் பணத்துக்கு ஏலம் எடுத்தவன் அந்தப் பணத்தை மீட்கும்பொருட்டு அதிகக் குடியர்களைத் தேட வேண்டியிருந்தது. சர்க்கார் யாரையும் குடிக்கச் சொல்லவில்லைதான். ஆனால் ஜனங்கள் குடிக்கக் குடிக்கச் சர்க்காரின் வரும்படி பெருகியது. 1937-ம் வருஷ வாக்கில் சென்னை மாகாணத்தின் வருமானத்தில் சுமார் நான்கில் ஒரு பங்கு அப்காரி இலாகாவிலிருந்தே வந்தது. பள்ளிக்கூடம் வைப்பதற்குப் பணம் எங்கே என்று கேட்டால், கள்ளுக்கடையில் இருக்கிறது என்பதே பதிலாயிருந்தது.

இந்த ஏற்பாட்டை எதிர்த்துத்தான் தேசத் தொண்டர்கள் மறியலுக்குப் புறப்பட்டார்கள். 1921-ம் வருஷத்தில் ஈரோட்டுக் கள்ளுக்கடைகளின் முன்னால் நாகம்மையாரும் கண்ணம்மாளும் நின்ற செய்தி நேயர்கள் அறிந்ததே. திருச்செங்கோட்டை அடுத்த காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி 1929-ல் 'விமோசனம்' என்னும் பத்திரிகையை மதுவிலக்குக்கென்றே நடத்தினார். பிற்காலத்தில் 'கல்கி' என்று புகழ் பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி அதில் உதவியாசிரியராக இருந்தார். அந்தத் தொண்டர்களுடைய வாதம் வெறும் நீதிபோதனை அன்று. ஏழையின் கூலியை மதுவின் மூலம் வரியாகப் பறிக்கும் அரசாங்கம், அந்த ஏழையின் நன்மையை உண்மையாக நாடமுடியாது என்பதே அவர்கள் வாதத்தின் உயிர்நிலை.

1937-ல் ராஜாஜி முதல் மந்திரியானதும் செய்த காரியத்தை இங்கே கவனிக்க வேண்டும். மாகாணம் முழுவதையும் ஒரே நாளில் அடைத்துவிட அவர் முற்படவில்லை. அந்த வருஷம் அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மாத்திரம் மதுவிலக்குத் தொடங்கிற்று. அடுத்த வருஷம் சித்தூரும் கடப்பையும் சேர்ந்தன. அதற்கடுத்த வருஷம் வட ஆற்காடு சேர்ந்தது. மரமேறிகள் பிழைப்பற்றுப் போகாதபடி பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச அவர்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். கள்ளுக்கடையில் கழிந்த மாலைப்பொழுதுக்கு மாற்றாக, கிராமங்களில் பஜனைக்கும் விளையாட்டுக்கும் ஏற்பாடு செய்தார்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது வேறொன்று. போகும் பணத்துக்குப் பதில் பணம் தேடினார்கள். இந்தியாவிலேயே முதன் முதலாகப் பொது விற்பனை வரி 1939-ம் வருஷம் சென்னை மாகாணத்தில் விதிக்கப்பட்டது. வியாபாரிகள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். சட்டசபையில் ஆட்சேபணைகள் கிளம்பின. ஆயினும் ராஜாஜி விட்டுக்கொடுக்கவில்லை. மதுவிலக்கு என்பது ஒரு கணக்குப் பிரச்னையும்கூட என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

பின்னால் நடந்த கதையையும் மறைக்கலாகாது. காங்கிரஸ் மந்திரி சபை ராஜிநாமாச் செய்த பிறகு, யுத்த காலத்தில் கவர்னரின் ஆலோசகர்கள் 1944-ம் வருஷத் தொடக்கத்தில் விலக்கை நிறுத்தி வைத்தார்கள். 1946-ல் மறுபடியும் தொடங்கி, 1948-ம் வருஷம் அக்டோபர் இரண்டாம் தேதி, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல் மந்திரியாயிருந்தபோது, மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. 1971-ல் அது நிறுத்தி வைக்கப்பட்டது. தொண்ணூறு வயதைக் கடந்த ராஜாஜி, அவ்வாறு செய்ய வேண்டாமென்று அன்றைய முதல் மந்திரி கருணாநிதியை நேரில் சென்று வேண்டிக்கொண்டார். மதுவிலக்கைப் புதிதாக மேற்கொள்ளும் ராஜ்யங்களுக்கு மத்திய சர்க்கார் நஷ்டஈடு கொடுப்பதாகச் சொல்லி, ஏற்கனவே மேற்கொண்டு நஷ்டப்பட்ட தமிழ்நாட்டுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்பது அப்போது கூறப்பட்ட காரணம். 1974-ல் மீண்டும் விலக்கு வந்தது, 1981-ல் எம். ஜி. ராமச்சந்திரன் ஆட்சியில் மீண்டும் கடைகள் திறக்கப்பட்டன. 1983-ல் மொத்த வியாபாரத்துக்காக டாஸ்மாக் என்னும் வாணிபக் கழகம் ஏற்பட்டது. 2003-ம் வருஷம் நவம்பர் மாதத்தில், ஜெயலலிதா ஆட்சியில், சில்லறை வியாபாரத்தையும் அந்தக் கழகமே எடுத்துக்கொண்டது. ஏலம் விட்டுக் குத்தகை வாங்கிக்கொண்டிருந்த சர்க்கார் தானே கல்லாவில் உட்கார்ந்தது.

எந்தக் கட்சியையும் தனியே குற்றம் சாட்ட நாம் இதை எழுதவில்லை. கடையைத் திறந்த கையும், மூடிய கையும், திரும்பத் திறந்த கையும் எல்லாப் பக்கத்திலும் உண்டு. கணக்கை மாத்திரம் பார்ப்போம். 2003-2004-ல் மதுவினால் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த வருமானம் சுமார் 3,600 கோடி ரூபாய். 2022-2023-ல் அது 44,121 கோடி. அடுத்த வருஷத்தில் 45,800 கோடியையும் தாண்டிற்று. ராஜ்யத்தின் சொந்த வரி வருமானத்தில் இது நான்கில் ஒரு பங்குக்கு மேல். 1937-ல் வெள்ளைக்காரன் விட்டுச் சென்ற அதே நான்கில் ஒரு பங்கு, எண்பத்தைந்து வருஷ காலம் சுற்றி, சுதந்திர சர்க்காரின் வாசலில் வந்து நின்றது. 2016-லும் 2017-லும் 2023-லும் ஒவ்வொரு தடவை 500 கடைகளாக மூடினார்கள். 2023-ம் வருஷ ஜூன் மாதத்து மூடலுக்குப் பிறகும் 4,829 கடைகள் எஞ்சியிருந்தன. கடைகளின் தொகை குறைந்தது, வருமானம் ஏறிற்று. ஆகவே குடி குறைந்ததா, கூட்டம் மாத்திரம் அடுத்த கடைக்கு நகர்ந்ததா என்பதை நேயர்களே யோசித்துக்கொள்ளலாம்.

முழு மதுவிலக்கே மருந்து என்பவர்களின் தூய நோக்கத்தை நாம் வணங்குகிறோம். அரசியல் சாசனத்தின் 47-வது ஷரத்து அந்த லட்சியத்தையே சர்க்காருக்குக் கட்டளையிடுகிறது. காந்தியவாதி சசிபெருமாள் 2015-ம் வருஷம் ஜூலை மாதத்தில் கன்னியாகுமரி ஜில்லாவில் ஒரு மதுக்கடையை அகற்றும்படி போராடும்போதே உயிர்விட்டார். அந்தத் தியாகத்தைச் சிறிதாக எண்ணும் உரிமை யாருக்கும் கிடையாது. ஆனால் பிற இடங்களின் அனுபவத்தையும் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. குடியினால் வரும் ஈரல் நோய் மரணங்கள் அக்காலத்தில் முன்னைவிடக் குறைவாயிருந்தன என்பது உண்மை. கள்ளக் கடத்தல் கூட்டங்கள் கொழுத்ததும் உண்மை. பீகாரில் 2016-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், பெண்களின் வேண்டுகோளை ஏற்று, விலக்குக் கொண்டுவந்தார்கள். மனைவியை அடிக்கும் கொடுமை அதனால் குறைந்தது என்று ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள். அது பெரிய நன்மை. ஆனால் முதலில் செய்த சட்டம் குடித்தவனையே சிறைக்கு அனுப்பிற்று. கோர்ட்டுகள் வழக்கால் நிரம்பின. 2018-லும் 2022-லும் சட்டத்தைத் தளர்த்தி, முதல் தடவை பிடிபடுகிறவன் அபராதம் கட்டிவிட்டுப் போகலாம் என்று மாற்ற வேண்டிவந்தது. 2022-ம் வருஷ டிஸம்பரில் அங்கே சாரண் ஜில்லாவில் விஷச் சாராயம் 70 பேருக்கு மேல் கொன்றது. பிறந்த நாள் முதல் மதுவிலக்கு அமலிலிருக்கும் குஜராத்தில் 2009-ல் ஆமதாபாத்தில் 130 பேருக்கு மேலும், 2022-ல் போடாத் பக்கத்தில் 40 பேருக்கு மேலும் மாண்டார்கள். சட்டப் புத்தகத்தில் எழுதுவது வேறு, ஊரில் அமலாவது வேறு என்பதற்கு இவை சாட்சி.

இவற்றைக் கேட்டதும், பார்த்தீர்களா, கடை இருப்பதே க்ஷேமம் என்று மறு தரப்பார் கை தட்ட வேண்டாம். கருணாபுரத்தில் மனிதர்கள் செத்தபோது தமிழ்நாட்டில் மதுக்கடைகள் திறந்தே இருந்தன. ஜில்லாதோறும் கடைகள் இருந்தும் கூலிக்காரன் ஏன் பாக்கெட்டுச் சாராயத்தை நாடினான்? அது கடைக் குவார்ட்டரைவிட மிகவும் மலிவு, விடியற்காலையிலும் கிடைக்கும், கடனுக்கும் கிடைக்கும். கடை மதுவே அவனுக்குக் குடிப் பழக்கத்தைக் கற்றுக் கொடுத்திருக்கலாம். காசு தீர்ந்த பிறகு அந்தப் பழக்கம் அவனை எங்கே இழுத்துச் சென்றதென்று கடை கேட்கவில்லை. கள்ளச்சாராயத்துக்குக் கடைதான் தடுப்பு என்னும் வாதம் கருணாபுரத்துச் சுடுகாட்டில் எரிந்து போயிற்று.

உயிரை வாங்குவது எது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மெதனால் என்பது தொழிற்சாலைகளுக்கு வேண்டிய ஒரு ரசாயனத் திரவம். பார்வைக்கும் வாசனைக்கும் சாராயம் போலவே இருக்கும். வயிற்றுக்குள் போனதும் உடனே ஒன்றும் தெரியாது, பல மணி நேரம் சென்ற பிறகு அது உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கும், மூச்சு முட்டும், உயிர் போகும். சீக்கிரமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் மாற்று மருந்தினாலும், இரத்தத்தைச் சுத்தி செய்யும் இயந்திரத்தினாலும் பலரைக் காப்பாற்றலாம். ஆனால் போலீஸுக்குப் பயந்து வீட்டிலேயே படுத்துக் கிடப்பவனுக்கு இந்த வைத்தியம் எப்படிக் கிடைக்கும்? ஆகையால் மெதனால் எந்த ஆலையில் உற்பத்தியாகிறது, எந்த லாரியில் எங்கே போகிறது, யார் கையில் சேருகிறது என்பதற்கு ஒவ்வொரு பீப்பாய்க்கும் கணக்கு இருக்க வேண்டும். விஷம் குடித்தவன் பயமின்றி ஆஸ்பத்திரிக்கு வரலாம், அவன்மேல் வழக்கு இல்லை என்று தமுக்கு அடித்துச் சொல்ல வேண்டும். ஜில்லா ஆஸ்பத்திரிதோறும் மாற்று மருந்து கையிருப்பில் இருக்க வேண்டும். இதற்குப் பெரிய தத்துவ விசாரம் வேண்டியதில்லை. நிர்வாகத்தில் நாணயம் இருந்தால் போதும்.

இனி, விஷமல்லாத மதுவினால் தினந்தோறும் சத்தமில்லாமல் விளையும் தீங்கைக் குறைப்பது எப்படி? இங்கேதான் பிற தேசங்களின் அனுபவம் நமக்கு உதவும். ஸ்காட்லாந்து தேசத்தில் 2018-ம் வருஷம் மே முதல் தேதி ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. மதுவிலுள்ள சுத்தச் சாராயத்தை எட்டு எட்டு கிராமாகப் பிரித்து, ஒவ்வொரு அளவுக்கும் 50 பென்ஸுக்குக் குறைந்த விலைக்கு யாரும் விற்கக்கூடாது என்றார்கள். மலிவும் கடுமையும் உள்ள மதுவின் விலையே இதனால் அதிகம் ஏறிற்று. மது கம்பெனிகள் வருஷக்கணக்கில் கோர்ட்டில் வழக்காடித் தோற்றன. 2023-ல் அந்நாட்டுச் சுகாதார இலாகா பரிசீலித்தபோது, மதுவையே நேர்க்காரணமாகக் கொண்ட மரணங்கள் அச்சட்டமில்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட 13.4 சதவீதம் குறைந்ததாகக் கண்டார்கள். 2024-ம் வருஷ செப்டம்பர் கடைசியில் அந்த விலையை 65 பென்ஸாக உயர்த்தினார்கள். விலை உயர்ந்தால் சிலர் கள்ளச்சாராயத்துக்குப் போவார்கள் என்னும் ஆட்சேபம் நம் நாட்டில் உண்மையானது. ஆகையால் விலையையும் மெதனால் காவலையும் ஜோடி மாடுகளாகப் பூட்டித்தான் ஓட்ட வேண்டும்.

கஜானா சம்பந்தமான பாடத்தை ருஷியாவைப் போல் விரிவாகக் கற்பித்த தேசம் வேறில்லை. ஜார் அரசர்கள் காலத்தில் வோட்கா வியாபாரத்தைச் சர்க்காரே ஏகபோகமாக வைத்திருந்தது. வருமானத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அதிலிருந்தே வந்தது. 1914-ல் யுத்தம் வந்ததும் ஜார் மதுவை விலக்கினார்; பதில் வருமானம் தேடாமையால் கஜானாவில் பெரும் பள்ளம் விழுந்தது. பின்னர் சோவியத் சர்க்காரும் வோட்காவுக்கே திரும்பிற்று. 1985-ல் கோர்பசேவ் கடுமையான கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தார். சில வருஷங்களுக்குள் ஆண்களின் சராசரி ஆயுள் ஏறிற்று. ஆனால் வருமானமும் விழுந்தது, வீட்டுக்கு வீடு சாராயம் காய்ச்சினார்கள், கட்டுப்பாடுகள் தளர்ந்தன. சோவியத் ஆட்சி குலைந்தபின் மது தங்குதடையின்றி ஓடியது. 1994-ல் ருஷிய ஆண்களின் சராசரி ஆயுள் 58 வயதுக்குக் கீழே இறங்கிற்று. பிறகு நிதானமாக வேறு வழியை மேற்கொண்டார்கள். சாராய உற்பத்தியின் ஒவ்வொரு துளிக்கும் கணக்கு, வோட்காவுக்குக் குறைந்தபட்ச விலை, வரி உயர்வு, இராக்கால விற்பனைத் தடை, விளம்பரத் தடை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தார்கள். 2003-க்கும் 2016-க்கும் இடையில் அங்கே ஆள் ஒன்றுக்கு மதுச் செலவு 43 சதவீதம் குறைந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. அவசரத்தில் அடைத்த கதவு இரண்டு தடவை உடைந்தது. படிப்படியாகச் சாத்திய கதவு நின்றது.

அடுத்தபடியாக, குடிக்கு அடிமையானவனை என்ன செய்வது? அவனைத் திட்டிப் பயனில்லை. அவனுக்கு வந்திருப்பது வியாதி. நெடுநாள் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கமும் பிதற்றலும் வலிப்பும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம் என்று வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள். ஆகவே நாளை காலை கடையை அடைப்பவர்கள் இன்று மாலையே ஆஸ்பத்திரியைத் திறந்திருக்க வேண்டும். மத்திய சர்க்காருக்காக டில்லி வைத்திய விஞ்ஞானக் கழகத்தார் நடத்தி 2019-ல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் மது அருந்துவோர் சுமார் 16 கோடி. குடிக்கு அடிமைப்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒருவகைச் சிகிச்சை பெற்றிருந்தார். மற்ற 37 பேரும் எங்கே போனார்கள்? சிலர் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டார்கள், சிலர் அடிபட்டார்கள், பலர் மறுபடியும் கடைக்கே போனார்கள். ஆயிரக்கணக்கான கோடி வாங்கும் கஜானா, தான் உண்டாக்கிய நோயாளிகளில் 38-ல் ஒருவனுக்கு மேல் படுக்கை போடவில்லையென்றால், அதைத் தர்மமென்று யார் சொல்வது?

கஞ்சா, அபின் முதலிய லாகிரி வஸ்துக்களின் விஷயத்திலும் இதே நியாயம்தான். 1985-ம் வருஷத்து லாகிரி வஸ்துச் சட்டம் கடத்தல்காரனையும் தண்டிக்கிறது, உபயோகிப்பவனையும் தண்டிக்கிறது. ஆயினும் சொற்ப அளவு வைத்திருந்து பிடிபட்டவன் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விடுதலை பெறலாம் என்று அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு சொல்கிறது. இந்த ஷரத்து உண்டென்பதை அறிந்த கிராமவாசிகள் எத்தனை பேர்? போர்ச்சுகல் தேசத்தார் 2001-ம் வருஷம் ஜூலை முதல் தேதி முதல், பத்து நாள் உபயோகத்துக்குள் அடங்கும் அளவு வைத்திருப்பவனைக் குற்றவாளியாக நடத்துவதை நிறுத்திவிட்டார்கள். போலீஸார் பொருளைப் பறிமுதல் செய்துகொண்டு, அவனை ஒரு சிறு ஆலோசனைக் குழுவினிடம் அனுப்புவார்கள். சிகிச்சை வேண்டுமாயின் குழுவினர் வழி காட்டுவார்கள். விற்பவனுக்குச் சிறை என்பது மாறவில்லை. சிகிச்சைக்கும் தாராளமாகப் பணம் ஒதுக்கினார்கள். ஊசி போட்டுக்கொள்வோரிடையே எய்ட்ஸ் கிருமி பரவுவது அதன் பிறகு வெகுவாகக் குறைந்தது. அந்த ஏற்பாட்டை அப்படியே இங்கே நட்டுவிட முடியும் என்று நாம் சொல்லவில்லை. வியாபாரியை விரட்டவும் நோயாளியை அணைக்கவும் ஒரே சட்டத்தால் முடியும் என்பதற்கு அதை உதாரணமாகக் காட்டுகிறோம்.

இப்போது மூல விஷயத்துக்குத் திரும்புவோம். மேலே சொன்ன வழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அம்சம் உண்டு. அவை பலித்தால் மது விற்பனை குறையும். விற்பனை குறைந்தால் முடிவில் வருமானமும் குறையும். வருமானம் குறைவதைத் தோல்வியாக எண்ணும் சர்க்கார் இவற்றில் எதையும் முழு மனதோடு செய்யாது. 2016-ம் வருஷ டிஸம்பரில் சுப்ரீம் கோர்ட்டு பெருஞ்சாலைகளுக்கு 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தீர்ப்பளித்தபோது, பல ராஜ்யங்களின் சர்க்கார்கள் என்ன செய்தன? கடையை நகர்த்துவதற்குப் பதிலாக, சாலையின் பெயரை மாற்றி, அது பெருஞ்சாலையே அல்லவென்று அறிவிக்க முற்பட்டன. இதுதான் கஜானாவின் போதை.

ஆனால் ராஜ்ய சர்க்கார்களை மாத்திரம் நொந்து பயனில்லை. 1939-ல் ராஜாஜிக்கு ஒரு சௌகரியம் இருந்தது. புதிதாக ஒரு விற்பனை வரி விதிக்க அவருக்கு அதிகாரமிருந்தது. 2017-ம் வருஷம் ஜூலை முதல் தேதி ஜி. எஸ். டி. என்னும் பொது வரி வந்தபோது, ராஜ்யங்களின் பெரும்பாலான வரி அதிகாரங்கள் அதில் கலந்துவிட்டன. குடிக்கும் மதுவும், பெட்ரோல் முதலிய எண்ணெய்களுமே அதற்கு வெளியே நிறுத்தப்பட்ட முக்கியமான சரக்குகள். அதாவது, ஒரு ராஜ்யம் தன் இஷ்டப்படி கூட்டிக் குறைக்கக்கூடிய பெரிய வரிகளில் மது வரியும் ஒன்றாகிவிட்டது. சாசனத்தின் ஒரு ஷரத்து மதுவை விலக்கு என்கிறது. வரி ஏற்பாடோ மதுவைக் கொண்டு பிழை என்கிறது. இந்த முரண்பாட்டைத் தீர்க்காமல், மதுவிலக்கு ஏன் வரவில்லை என்று மேடையில் முழங்குவது, மாட்டை முளையில் கட்டிவிட்டு ஏன் மேயவில்லை என்று அடிப்பதை ஒக்கும்.

ஆகையால் நாம் வேண்டுவது இது. மது வருமானம் ராஜ்யத்தின் சொந்த வரியில் எத்தனை பங்கு என்பதை வரவு செலவுத் திட்டத்தின் முதற்பக்கத்தில் எழுதி, அந்தப் பங்கை ஒவ்வொரு வருஷமும் குறைத்துக்கொண்டு போவதாகச் சட்டசபையில் பிரதிக்ஞை செய்ய வேண்டும். குறையும் தொகைக்கு ஈடாக மத்திய சர்க்கார் ஒரு பகுதியைத் தர வேண்டும்; நிதிக் கமிஷன்கள் இதைக் கருத வேண்டும்; 1971-ல் நேர்ந்த அநீதி மறுபடி நேரக்கூடாது. மதுவில் வரும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஒரு நிச்சயமான பகுதி, வேறு எதற்கும் தொடப்படாமல், குடிநோயாளிகளின் சிகிச்சைக்கும், அவர்கள் மனைவி மக்களின் பராமரிப்புக்கும் போக வேண்டும். விலையும் நேரமும் கடைகளின் தொகையும் படிப்படியாக இறுக வேண்டும். இந்தப் படிகளின் முடிவில் முழு மதுவிலக்கு இருக்குமாயின் மிகவும் நல்லது. அந்த முடிவு வரும்போது அதைத் தாங்கும் தூண்கள் முன்பே நாட்டப்பட்டிருக்கும்.

நேயர்களில் பலர் பொதுத் தொண்டில் ஈடுபட்டவர்கள். தேர்தல் காலத்தில் உங்கள் ஊருக்கு வரும் அபேக்ஷகரிடம், கடையை மூடுவீர்களா என்ற கேள்வியை இதுவரை கேட்டு வந்தீர்கள். அவரும் மூடுவோம் என்று எளிதில் சொல்லிவிட்டுப் போனார். இனி வேறு கேள்வி கேளுங்கள். மூடினால் வரும் நஷ்டத்துக்கு எங்கிருந்து பணம் கொண்டுவருவீர்கள்? நம் தாலுக்கா ஆஸ்பத்திரியில் குடிநோய்க்கு எத்தனை படுக்கைகள் போடுவீர்கள்? மெதனால் கணக்கை யார் பார்ப்பார்கள்? இவற்றுக்குத் தொகையோடும் தேதியோடும் பதில் சொல்லக்கூடியவரே இந்த விஷயத்தில் யோக்கியர். மற்றவர்களின் பேச்சைக் கைதட்டாமல் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

கருணாபுரத்துப் பெண்களுக்குச் சர்க்கார் கொடுத்த பத்து லக்ஷம் ரூபாயும் கஜானாவிலிருந்துதான் வந்தது. அந்தக் கஜானாவின் சொந்த வரி வருமானத்தில் நான்கில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் அறிவார்கள். அறிய வேண்டியவர்கள் நாமும், நம்மை ஆளுபவர்களுமே.